லுஹருக்கும் அஸருக்கும் இடையே

பிராசசர் வாங்க வருகிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: இன்டெலா, ஏஎம்டியா? பாய் உடனே பதில் சொல்ல மாட்டார். "என்ன வேலைக்கு வாங்குறீங்க? எந்த ரூம்ல வைக்கப்போறீங்க, கீழயா மாடியா?" என்று விசாரிப்பார். கூத்தாநல்லூரில் அவர் கம்ப்யூட்டர் கடையில் சேர்ந்த புதிதில் எனக்கு இது விளங்கவில்லை. வேகமும் விலையும் அச்சில் இருக்கும்போது மாடியைப் பற்றி எதற்குக் கேட்கிறார் என்று நினைப்பேன். அதற்கு விடை தெரிய ஒரு கோடை முழுவதும் போயிற்று.

எங்கள் ஊர் பக்கத்துக் கிராமம். நான் கடையில் சேர்ந்தது 2016 சம்பா கருகிய சமயம். 2017 ஜனவரியில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவையாக அரசு அறிவித்தது. டிப்ளமோ முடித்துவிட்டு வீட்டில் இருந்த என்னை அப்பாதான் பாயிடம் அழைத்துப் போனார். "பையன் கம்ப்யூட்டர் படிச்சிருக்கான்" என்றார். "படிச்சது இருக்கட்டும். தம்பி, கையைக் காட்டு" என்றார் பாய். என் உள்ளங்கை ஈரமாக இருந்தது. "துடைச்சிட்டு, முதல்ல கேபினெட் இரும்பைத் தொடு. உடம்புல இருக்குற கரன்ட் அதுல இறங்கட்டும். அப்புறம்தான் உள்ளே கை வைக்கணும்." அதுதான் முதல் பாடம். இன்றும் என் கை தானாக முதலில் இரும்பைத்தான் தேடுகிறது.

தெருவுக்குச் சிலராவது வெளிநாட்டில் பிழைக்கிற ஊர் கூத்தாநல்லூர். பாயும் சிங்கப்பூரில் சிம் லிம் ஸ்கொயர் கட்டடத்தில் ஒரு கடையில் பல காலம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். கற்றதையெல்லாம் அங்கே நின்றுகொண்டே கற்றதாகச் சொல்வார்; அதனால் என்னையும் உட்காரவிடமாட்டார்.

என்னிடம் தனியாகக் கொடுத்த முதல் வேலை ஒரு பழைய ஏஎம்டி சிஸ்டத்தைச் சுத்தம் செய்வது. அந்த வகைப் பிராசசரின் அடியில் 938 பின்கள் இருக்கும். ஒவ்வொன்றும் மிக மெல்லிசு. மேலே ஹீட்சிங்க், இரண்டுக்கும் நடுவில் வெப்பத்தைக் கடத்தும் பேஸ்ட். பல வருடம் ஆனதில் அந்தப் பேஸ்ட் காய்ந்து இறுகியிருந்தது. நான் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஹீட்சிங்கை நேராக மேலே இழுத்தேன். அது வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தேன். 'டக்' என்று வந்தது, அடியில் பிராசசரும் ஒட்டிக்கொண்டே வந்தது. சாக்கெட்டின் பூட்டு பூட்டியபடியே இருந்தது. ஒரு மூலையில் பின்கள் வரிசையாகச் சாய்ந்து கிடந்தன.

பாய் கோபப்படவில்லை. கரிக்குச்சி போடும் பென்சில் ஒன்றை எடுத்து, உள்ளே இருந்த குச்சியை உருவிவிட்டு வெறும் முனையை என்னிடம் கொடுத்தார். அந்த ஓட்டைக்குள் பின்னை நுழைத்து, பென்சிலையே நெம்புகோலாக வைத்து நிமிர்த்த வேண்டும். பின் வளையும்போது விரலுக்கு ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. ஒடிவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் லேசாக இளகுகிற மாதிரி இருக்கும். அந்த இளக்கத்தை நான் தெரிந்துகொண்டது ஒரு பின் கையோடு ஒடிந்து வந்த பிறகுதான். பிராசசர் போயிற்று. பாய் தன் கையிருப்பிலிருந்து வேறொன்றைப் போட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்தார். என் சம்பளத்தில் கை வைக்கவில்லை. ஆனால் அடுத்த பல வாரங்கள் செத்துப்போன பிராசசர்களைத் தவிர வேறெதையும் தொடவிடவில்லை. அவற்றின் பின்களை நானே வளைத்து நானே நிமிர்த்தினேன். ஹீட்சிங்கைக் கழற்றும் முறையையும் அப்போதுதான் காட்டினார்: சிஸ்டத்தைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பேஸ்ட்டை இளக வைத்து, பிறகு இடமும் வலமுமாக மெல்லத் திருக வேண்டும். ஒட்டுதல் விடுகிற அந்த நொடி மணிக்கட்டில் தெரியும். அது தெரிகிறவரை மேலே தூக்கக் கூடாது.

இன்டெலில் பின்கள் போர்டிலேயே இருக்கும். பிராசசரின் அடி வழவழப்பாக இருக்கும். அன்றைய ஏஎம்டி சிப்பை முக்கோணக் குறி பார்த்து வைத்தால் தன் எடையிலேயே உள்ளே இறங்கும், அழுத்தவே கூடாது. இன்டெலில் சிப்பை வைத்தபின் நெம்புகோலை இறக்கும்போது நல்ல எதிர்ப்பு இருக்கும், கரகரவென்று சத்தமும் வரும். உடைத்துவிட்டேனோ என்று பயந்து ஒவ்வொரு முறையும் பாதியில் நிறுத்திவிடுவேன். "அழுத்த வேண்டிய எடத்துல அழுத்தணும் தம்பி" என்று என் கைமேல் தன் கையை வைத்து இறக்கிக் காட்டினார். விலைப்பட்டியல் பார்க்கத் தெரிவதற்கு முன்பே இரண்டு கம்பெனியின் வித்தியாசம் விரல்வழியாக எனக்குத் தெரிந்தது அப்படித்தான்.

சிப்பை அதற்குக் குறித்த வேகத்துக்கு மேலே ஓட்டுகிற ஓவர்கிளாக்கிங் பற்றிப் பாய் சொன்னதெல்லாம் பழைய கதைகளாகத்தான் இருக்கும். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ அவருக்கு மிகவும் பிடித்தது. பிராசசரின் வேகம் என்பது ஒரு பெருக்கல்: போர்டு தருகிற அடிப்படைத் துடிப்பை, சிப்புக்குள் இருக்கும் மல்டிபிளையர் பெருக்கும். அந்தச் செலரானில் 66ஐ நாலரையால் பெருக்கினால் ஏறக்குறைய 300 மெகாஹெர்ட்ஸ். போர்டில் 66ஐ 100 ஆக்கினால் அதே சிப் 450இல் ஓடும். விலை உயர்ந்த பென்டியம் 2க்குச் சமமான வேகம் மலிவு விலைச் சிப்பில் கிடைத்தது. அடுத்து ஏஎம்டியின் டுரான்: சிப்பின் மேலே வெட்டிவிட்டிருந்த சிறு இணைப்புகளை எழுதுகிற பென்சிலால் தீட்டினால், அந்தக் கரியின் வழியே மின்சாரம் பாய்ந்து மல்டிபிளையரின் பூட்டுத் திறந்துவிடும். இதைச் சொல்லும்போது பாயின் விரல்கள் மேசையில் கோடு இழுத்துக் காட்டும்.

2017 ஏப்ரலில் ரைசன் 5 1600 வெளியானது. ரமலானுக்கு முன் நிக்காஹ்கள் அடுத்தடுத்து நடக்கிற நேரம். கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவர் புது எடிட்டிங் சிஸ்டம் கேட்டு வந்தார். ஒப்பிட்டு எழுதும் வேலையைப் பாய் எனக்குக் கொடுத்தார். நான் எழுதினேன்: இன்டெல் ஐ5-7600கே, 242 டாலர், 4 கோர், 3.8 கிகாஹெர்ட்ஸ். ரைசன் 5 1600, 219 டாலர், 6 கோர், 12 திரெட், 3.2 கிகாஹெர்ட்ஸ். விலை ஏறக்குறைய ஒன்றுதான், வேகம் இன்டெலில் கூடுதல், ஓவர்கிளாக் செய்தால் 5ஐ நெருங்கும். ஆகவே இன்டெல் என்று முடித்திருந்தேன். பாய் காகிதத்தைத் திருப்பித் தந்தார். "சிப்பை மட்டும் தட்டுல வச்சுக் குடுக்கப் போறியா?"

மறுபடி எழுதினேன். 7600கே பெட்டியில் கூலர் வராது, தனியாக வாங்க வேண்டும். அதை ஓவர்கிளாக் செய்ய இசட்270 போன்ற விலை கூடிய போர்டு வேண்டும். ரைசனில் எல்லாச் சிப்பும் பூட்டில்லாமல் வருகிறது, பி350 போர்டே போதும், பெட்டிக்குள் ரெய்த் ஸ்பைர் கூலரும் உண்டு. மொத்தத் தொகையில் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வந்தது. இன்னொன்றையும் பாய் சேர்க்கச் சொன்னார்: இன்டெல் அந்தத் தலைமுறையில் சிப்புக்கும் அதன் உலோக மூடிக்கும் நடுவே பேஸ்ட்தான் வைத்திருந்தது, ரைசனில் உலோகப் பற்றாசு வைத்திருந்தார்கள், வெப்பம் சீக்கிரம் வெளியேறும். கேம் விளையாடுகிற பையனுக்கு அன்று நான் இன்டெலைத்தான் சொல்லியிருப்பேன், அதில் இப்போதும் மாற்றமில்லை. ஆனால் மணிக்கணக்கில் வீடியோ எக்ஸ்போர்ட் செய்கிறவருக்குப் பன்னிரண்டு திரெட்டும் உழைக்கும்.

ரைசனை வாங்கினோம். பேஸ்ட் ஒரு நெல்மணி அளவு போதும் என்று சொல்லியிருந்தார், அது சரியாக வந்தது. மெமரியில்தான் தடுமாறினேன். ரைசனில் கோர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் பாதையின் வேகம் மெமரியின் வேகத்தோடு கட்டப்பட்டது. அதனால் வேகமான ரேம் போட்டால் பிராசசரே வேகமாகும். இதைப் படித்த உற்சாகத்தில் நேராக 3200 வைத்தேன். திரை கறுத்துவிட்டது. பேட்டரியைக் கழற்றி பயாஸைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து மறுபடி அதையே செய்தேன், மறுபடி கறுத்தது. பாய் பார்த்துக்கொண்டே இருந்து, "படியேறித்தான் போகணும்" என்றார். 2400, 2666 என ஏறி 2933இல் நின்றது.

பிறகு ஓவர்கிளாக். 3.9 கிகாஹெர்ட்ஸ், 1.4 வோல்ட். கடை மூடியபின் இரவில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனையை ஓட்டினேன். மதிப்பெண் வந்ததும் போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பினேன். பாய் அன்று ஊரில் இல்லை. மறுநாளே சிஸ்டத்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன்.

வாடிக்கையாளரின் அறை மொட்டை மாடியில், தகரக் கூரைக்குக் கீழே. சித்திரை வெயில். ஒரு நிக்காஹ் வீடியோ முக்கால்வாசி எக்ஸ்போர்ட் ஆன நேரத்தில் சிஸ்டம் அணைந்து தானாகத் திரும்ப எழுந்தது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடி அணைந்தது. மணமகன் துபாய்க்கு விமானம் ஏறுமுன் வீடியோ கைக்குப் போயிருக்க வேண்டும், போகவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. பெட்டியைக் கடை வாசலில் வைத்துவிட்டு, "பாய் எப்ப வருவாரு?" என்று மட்டும் கேட்டார். அதைக் கேட்ட பிறகு அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாய் வந்ததும் அமைப்பை மாற்றாமல் அப்படியே ஓடவிட்டார். போர்டில் பிராசசருக்கு மின்சாரம் பகிர்ந்து தரும் பகுதியைக் காட்டி, அதன் அருகே விரலைக் கொண்டுபோகச் சொன்னார். தொடுமுன்பே கை தானாகப் பின்வாங்கியது. பிறகு கணக்குப் போட்டோம். மின்செலவு வேகத்தோடு நேராக ஏறும், வோல்டேஜோடு அதன் வர்க்கமாக ஏறும். 1.2 வோல்ட்டில் 3.4 ஓடுவதை 1.4 வோல்ட்டில் 3.9 ஆக்கினால் வேகம் 15 சதவீதம் கூடும். செலவோ ஒன்றரை மடங்கைத் தாண்டும். அத்தனையும் வெப்பம். அறை பத்து டிகிரி கூடுதல் சூடானால் சிப்பும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி கூடும். நான் சோதித்தது இரவில், சில நிமிடம். "இந்த ஊர் வெயிலுக்குத்தான் தம்பி டெஸ்ட் வைக்கணும், உன் மார்க்குக்கு இல்ல."

அதற்கப்புறம் எங்கள் கடையின் சோதனை நேரம் நண்பகல் தொழுகையான லுஹருக்கும் பிற்பகல் தொழுகையான அஸருக்கும் இடையில் என்று ஆயிற்று. பாய் லுஹர் தொழுகைக்குக் கிளம்பும்போது பிராசசருக்கு முழுச் சுமை கொடுக்கும் பிரைம்95ஐ ஓடவிடுவேன், மின்விசிறியை அணைத்துவிடுவேன். அஸர் முடித்து அவர் வந்து பார்க்கும்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 3.9 நிற்கவில்லை. 3.8 ஒரு நாள் நின்றது, மறுநாள் விழுந்தது. அந்த ஒரு நாளை நம்பக் கூடாது என்று பாய் அதையும் தள்ளினார். வேகத்தை ஏற்ற வோல்டேஜை ஏற்றுவதை விட்டுவிட்டு, 3.7இல் நிறுத்தி வோல்டேஜை ஒவ்வொரு படியாகக் குறைத்துக்கொண்டே வந்தேன். 1.25க்குக் கீழே விழுந்தது, 1.25இல் நின்றது. மறுநாளும் நின்றது. 3.9க்கும் 3.7க்கும் ஒரு மணி நேர எக்ஸ்போர்ட்டில் வித்தியாசம் மூன்று நிமிடம்தான். கூலரின் சத்தம் தணிந்திருந்தது. எண்ணைப் பார்க்காமலேயே, சத்தத்தை வைத்து இது நிற்கும் என்று எனக்குத் தெரிந்த முதல் தடவை அதுதான். சிஸ்டம் அதே தகரக் கூரைக்குக் கீழே திரும்பப் போனது. வாடிக்கையாளர் அதற்குப் பிறகு பல வருடம் அதை எங்களிடம் தூக்கிவரவில்லை, தூசி தட்டுவதற்குத் தவிர.

2022இல் வேறொரு காரணத்துக்காக வந்தார், வேகம் போதவில்லை என்று. அந்த வருடம் ஏஎம்டி பழைய 300 வரிசை போர்டுகளிலும் ரைசன் 5000 வரிசையை அனுமதித்திருந்தது. பயாஸை மட்டும் புதுப்பித்து அதே போர்டில் ரைசன் 5 5600 போட்டேன். இன்டெல் வாங்கியிருந்தால் இது முடிந்திருக்காது. 2017 அக்டோபரில் வந்த எட்டாம் தலைமுறையே, அதே 1151 சாக்கெட்டாக இருந்தும், முந்தைய 200 வரிசை போர்டில் ஓடவில்லை. பாய் எனக்குக் கற்றுத்தந்த ஒப்பீட்டுக் காகிதத்தில் இல்லாத ஒரு வரியை நானே சேர்த்தேன்: 'இந்தப் போர்டு இன்னும் எத்தனை தலைமுறைக்கு?' இப்போது பாயும் அந்த வரியை நிரப்பச் சொல்லித்தான் கேட்கிறார்.

இன்றைய சிப்புகள் தொழிற்சாலையிலேயே தம் எல்லையருகே ஓடும்படி வருகின்றன. செலரானைப் போலப் பாதி வேகம் இலவசமாக மிச்சம் கிடைத்த காலம் திரும்பாது என்றே நினைக்கிறேன். 2024இல் இன்டெலின் 13, 14ஆம் தலைமுறைச் சிப்புகள் சிலவற்றில் கூடுதல் வோல்டேஜால் நிலைகுலைவு வந்தது. கம்பெனி மைக்ரோகோடைத் திருத்தி, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டியது. அந்தச் செய்தியைப் படித்ததும் எங்கள் கடையிலிருந்து போன அந்த வகைச் சிஸ்டங்களைத் தேடிப் போய் பயாஸைப் புதுப்பித்துவிட்டு வந்தேன். ஏஎம்டியில் ஒவ்வொரு கோருக்கும் தனித்தனியாக வோல்டேஜைக் குறைக்கும் வசதி வந்திருக்கிறது. ஒரு கோர் தாங்குவதைப் பக்கத்துக் கோர் தாங்காது. ஒவ்வொன்றாகச் சோதித்துத்தான் பிடிக்க வேண்டும். இது பாய்க்கும் புதிது. லுஹருக்குக் கிளம்பும்போது, "இன்னைக்கு எந்தக் கோரு?" என்று என்னைக் கேட்டுவிட்டுத்தான் போகிறார்.