தசையின் வறுமை

முதுமையில் தசை கரைவதற்குச் ‘சார்கோபீனியா’ என்னும் பெயரை 1980களின் இறுதியில் முன்வைத்தவர் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க். கிரேக்க வேர்களின்படி அதன் பொருள் தசையின் வறுமை. ‘வயதாகிவிட்டது’ என்ற சொல்லுக்குள் அடங்கிக் கிடந்த ஓர் இழப்பு, தனிப்பெயர் பெற்றதும் சிகிச்சைக்குரிய பொருளாயிற்று.

வறுமையெனில் மீண்டும் ஈட்டவும் இயலும். 1990இல் வெளியான பாஸ்டன் ஆய்வொன்றில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த, ஏறத்தாழ 90 வயதினரான 10 பேர் கால்களுக்கு எடைப்பயிற்சி மேற்கொண்டனர். 8 வாரங்களை நிறைவுசெய்த 9 பேரின் வலிமை சராசரியாக 174 விழுக்காடு உயர்ந்தது. இருவர் கைத்தடியைத் துறந்தனர். பயிற்சி நின்ற 4 வாரங்களில் உச்ச வலிமையில் 32 விழுக்காடு குறைந்தது.

இந்தியக் குடும்பங்கள் பலவும் முதியோரை எழவிடாமல் பார்த்துக்கொள்வதையே மரியாதையெனக் கருதுகின்றன. தண்ணீர்ச் செம்பும் செய்தித்தாளும் அவர்கள் அமர்ந்த இடத்திற்கே வருகின்றன. இடுப்பெலும்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே நோயாளியை எழுந்து நிற்கச் செய்ய முனைகிறார் இயன்முறை மருத்துவர். ‘பாவம், அம்மா படுத்திருக்கட்டும்’ என்று தடுக்கிறார் மகன். அவரது அன்பில் ஐயமில்லை. ஆயினும் படுக்கையில் கழியும் ஒவ்வொரு நாளும் தசையைக் கரைக்கிறது. கைப்பிடியுள்ள நாற்காலியிலிருந்து எழுவதற்கும் அமர்வதற்கும் கருவி வேண்டா; அருகில் ஒருவர் துணை நின்றால் போதும். மகன் நிற்க வேண்டிய இடம் அதுவே.