பெட்ரோல் கணக்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜின் மேல் ஒரு நோட்டு உண்டு. பால், கேஸ், கரண்ட் பில்லோடு என் ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோலும் அதில் ஏறும். எழுதுவது அவர். ஜூஜுவாடியில் சோதனைச்சாவடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். எந்தப் பக்கம் விலை குறைவு என்று பார்த்துத்தான் இங்கே பலரும் வண்டியைத் திருப்புவோம். அதனால் அந்த நோட்டைச் சிக்கனம் என்றே வெகுநாள் நினைத்திருந்தேன்.

2023 செப்டம்பரில் கணக்கு உதைத்தது. வாரத்துக்கு இரண்டு லிட்டர் போதுமென்றிருந்த வண்டி மூன்றரை கேட்டது. ஸ்பீடோமீட்டர் கேபிள் அறுந்து ஒரு வருடமாகியிருந்ததால் ஓடிய தூரத்தைக் காட்டவும் வழியில்லை. “காலேஜுக்கும் வீட்டுக்கும்தானே போற? மிச்சம் எங்க போகுது?” என்றார். கோபமில்லாமல்தான் கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

எனக்கு வாயடைத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு மாதங்களில் நான்கு முறை, வகுப்பு முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் கெலவரப்பள்ளி அணைக்குப் போயிருந்தேன். பெங்களூரின் கழிவைச் சுமந்து வரும் தென்பெண்ணையில் வெள்ளை வெள்ளையாய் நுரை பொங்கும், நாற்றமும் வரும். அழகான இடம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அங்கே என்னிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. உட்கார்ந்து இரண்டு பக்கம் எழுதிவிட்டு இருட்டுவதற்குள் திரும்பிவிடுவேன். ஒருமுறை போய்வர அரை லிட்டர்கூட ஆகாது. அதை ஒப்புக்கொண்டால் காணாமல்போன அத்தனை லிட்டரும் என் தலையில் விழும் என்று தெரியும். சொல்லவில்லை.

வாடை அதற்கு முன்பே வந்துகொண்டிருந்தது. வண்டி நிற்பது மாடிப்படிக்குக் கீழே, சமையலறை ஜன்னலை ஒட்டி. காலையில் அடுப்புப் பற்றவைக்கும்போதெல்லாம் லேசாக பெட்ரோல் வாசம். “உனக்கு மட்டும் எப்படி வருது?” என்றார் அவர். மாமியாருக்கு வரவில்லை. மெக்கானிக்குக்கும் வரவில்லை. கடைக்கு மூன்று முறை போனேன். மூன்று முறையும் “சார் வரலையா மேடம்?” என்று கேட்டுவிட்டு கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, காசு வாங்கிக்கொண்டார். கடைசி முறை, “ஆக்சிலரேட்டரைச் சும்மா முறுக்காதீங்க” என்று ஓர் அறிவுரையும் கிடைத்தது.

நான் அகத்திணை நடத்துகிறவள். வெறியாட்டுத் துறை ஞாபகம் வந்தது. மகள் மெலிகிறாள், தாய் வேலனை அழைக்கிறாள், அவன் கழங்கு போட்டுப் பார்த்து முருகன் அணங்கினான் என்று சொல்லிவிட்டு ஆடுகிறான். உண்மை தெரிந்த மகள் பேசாமல் நிற்கிறாள். இருபது வருடமாக வேலனைப் பார்த்து வகுப்பைச் சிரிக்கவைத்திருக்கிறேன். அந்தப் பெண் ஏன் வாய் திறக்கவில்லை என்று ஒருநாளும் நிறுத்திக் கேட்டதில்லை.

அக்டோபர் 7 அன்று அத்திப்பள்ளிப் பட்டாசுக் கடை எரிந்தது. செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்த பையன்கள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படிந்து நகரும். எங்கள் படிக்கட்டின் அடியும் அடுப்படியும் ஒரே தரை.

மறுநாள் மாடிவீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். ஊத்தங்கரைப் பக்கத்துப் பெண். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஐந்து வருடமாக லைனில் நின்று வண்டிகளுக்கு ட்யூப் மாட்டி கிளிப் போடுகிறாள். படியிறங்கி வந்தவள் மோந்து பார்த்து, “ஆமாக்கா, வருது” என்றாள். அந்த ஒரு வார்த்தைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

முதலில் வண்டியைத் தெருவுக்குத் தள்ளினோம். அவள் சொன்னபடி, இணைப்புகளைத் துடைத்து முகப்பவுடர் தூவினேன். சொட்டினால் பவுடரில் தடம் விழுமாம். விழவில்லை. கீழே விரித்த தினத்தாளும் காய்ந்தே கிடந்தது. அடுத்து, துடைப்பத்து ஈர்க்குச்சியைத் தொட்டியில் விட்டு, நனைந்த உயரத்தில் நகத்தால் கீறினேன். இரவு முழுக்க சாவி என் தலையணைக்கடியில். காலையில் ஒரு நக அளவு இறங்கியிருந்தது. ஓடாத வண்டி குடித்திருக்கிறது!

குச்சியை அவரிடம் காட்டினேன். “பசங்க உருவியிருப்பாங்க” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் இன்ஜின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தாள். அதோடு சேர்ந்த குச்சியில் ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நின்றது. “ஆயில் குறையும், ஏறாதுக்கா.” மோந்து பார்த்தேன். பெட்ரோல்.

இந்த வண்டியில் பெட்ரோலைத் திறந்து மூடக் கைப்பிடி கிடையாது. இன்ஜின் ஓடும்போது ஒரு மெல்லிய குழாய் வழியாகக் காற்றை இழுக்கும். அந்த இழுப்பில் பெட்ரோல் டேப்பினுள் இருக்கும் ரப்பர்ச் சவ்வு விலகி வழிவிடும். இன்ஜின் நின்றால் மூடிக்கொள்ளும். இன்ஜின் பக்கம் அந்தக் குழாயை உருவிப் பிடித்தாள். காற்று மட்டும் இருக்கவேண்டிய குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகப் பெட்ரோல் விழுந்தது. சவ்வில் ஊசிமுனை ஓட்டை. தொட்டி மேலே, இன்ஜின் கீழே. வண்டி நின்றாலும் ஓடினாலும் உள்ளுக்குள்ளேயே இறங்கி ஆயிலில் கலந்திருக்கிறது. அதனால்தான் வெளியே ஒரு சொட்டும் இல்லை.

2012இல் வாங்கிய வண்டி, ரப்பருக்கு வயதாகியிருக்கும். இப்போது பெட்ரோலில் கலக்கும் எத்தனாலும் பழைய ரப்பரைக் கெடுக்கக்கூடும். எது முதல் காரணம் என்று நான் துப்பறியவில்லை. டேப்பை முழுசாக மாற்றி, நீர்த்துப்போன ஆயிலையும் வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றினோம். கடைக்காரர் பார்க்க, மாட்டியவள் அவள்தான். தினம் நூற்றுக்கணக்கில் போடுகிற கிளிப்பைத் தன் கண்முன் ஓடும் வண்டியில் போட்டது இதுதான் முதல்முறை என்றாள். அவளுக்குச் சொந்தமாக வண்டி இல்லை. ஓட்டவும் தெரியாது. கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறாள். இப்போது சனிக்கிழமை சாயந்திரங்களில் என் வண்டியில் பழகுகிறாள்.

அன்றிரவு அவர் நோட்டை எடுத்து டேப், ஆயில் செலவை எழுதினார். “அப்போ எல்லாம் அந்த ட்யூப்லதான் போயிருக்கு” என்றார். குரலில் சமாதானம். அதோடு விட்டிருக்கலாம்.

“எல்லாம் இல்ல. நாலு தடவை கெலவரப்பள்ளி போனேன்.”

பேனா நின்றது. “தனியாவா?”

“தனியாத்தான்.”

“எதுக்கு?”

“உட்கார.”

அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. நோட்டை மூடி ஃப்ரிட்ஜின் மேல் வைத்தார். அடுத்த வியாழக்கிழமை வரும்வழியில் அத்திப்பள்ளியில் இரண்டு லிட்டர் போட்டேன். நோட்டில் நானே எழுதினேன்.