பாட்டைக் குத்தகைக்கு விடுறது

சின்ன லேபல் ஒன்று தன்ர பாட்டைப் பெரிய லேபலுக்கு லைசென்ஸ் குடுக்கிறது, காணியைக் குத்தகைக்கு விடுற மாதிரி. உறுதி எங்கட பேரிலதான் இருக்கும். ஆனால் குத்தகை முடியும்வரைக்கும் என்ன விளைஞ்சது, யாருக்கு வித்தது, என்ன விலைக்குப் போனது எல்லாம் மற்ற ஆளின்ர கணக்குப் புத்தகத்தில.

இதை இப்ப எழுத ஒரு காரணம் இருக்கு. இறக்கக்கண்டியில் கரைவலை இழுக்கிற பெரியாக்கள் பாடின அம்பாப் பாடல்களைப் பதிவுசெய்து, அதோட எங்கட பொடியங்களின்ர ராப்பையும் சேர்த்து ஏழு பாட்டு வைத்திருக்கிறம். ஒரு பெரிய கம்பனி அவற்றை லைசென்ஸுக்குக் கேட்டிருக்கு. ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். இரண்டு கிழமையாக அதைத்தான் வாசிக்கிறம்.

முதலில் ஞாபகம் வந்தது 'எஞ்சாயி எஞ்சாமி'. 2021 மார்ச்சில் மாஜா என்ற சுயாதீனத் தளத்தில் வெளிவந்தது. அறிவின் குடும்பம் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த கதை அதுக்குள்ள இருக்கு. உலகம் முழுக்கக் கேட்டது. மூன்று வருடம் கழித்து, 2024 மார்ச்சில், அந்தப் பாட்டால் தனக்கோ அறிவுக்கோ தீக்கோ வருமானம் எதுவும் வரவில்லை என்று சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். மாஜா தரப்பு குற்றச்சாட்டை மறுத்தது. யார் சரி என்று தீர்ப்புச் சொல்வது எங்கட வேலையில்லை. ஆனால் ஒன்று விளங்குது: சுயாதீன லேபல் என்ற பெயர் மட்டும் கலைஞரைக் காப்பாற்றாது. இப்ப அந்த லேபலுக்கும் கலைஞருக்கும் இடையில இருக்கிற கணக்குக்கு மேல இன்னொரு பெரிய கம்பனியின் கணக்கும் வந்தால், காசு இரண்டு கை தாண்டித்தான் பாடினவரிட்ட வரும்.

இரண்டாவது, உரிமை கைமாறுறது. இளையராஜா பாடல்கள் பற்றி சோனி 2022இல் பம்பாய் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. எக்கோ, ஒரியண்டல் என்ற சிறிய கம்பனிகளிடமிருந்து தனக்கு உரிமை வந்ததென்பது அதன் வாதம். அந்தக் காலத்தில் கசெட்டுக்காகப் போட்ட கையெழுத்துகள் இப்பவும் நீதிமன்றத்தில் நிற்குது. லேபல்களே விற்கப்படுகிற காலமும் இது. சென்னையின் டிவோவில் பெரும்பங்கை வோர்னர் 2023இல் வாங்கியது. பெல்ஜியத்தில் தொடங்கிய பியாஸை யூனிவர்சல் 2024இல் முழுதாக எடுத்தது. இன்றைக்கு எங்களோட சிரித்துக் கதைக்கிற ஆள் நாளைக்கு அங்க இல்லாமல் போகலாம். தாள் மட்டும் இருக்கும்.

மூன்றாவது, முற்பணம். இது எங்கட கடற்கரைக்குப் புதுசில்ல. சம்மாட்டியிட்ட முன்காசு வாங்கினால், படுகிற மீனில் முதலில் கடன் கழியும், மீனும் அவர் சொல்கிற விலைக்குத்தான் போகும். பாட்டும் அப்படித்தான். 100,000 ரூபாய் முற்பணம், 100,000 வீடியோச் செலவு, எங்கட பங்கு 30 வீதம் என்று வையுங்கோ. செலவெல்லாம் எங்கட பங்கிலிருந்து கழியுமென்றால், பாட்டு ஏறத்தாழ 667,000 ரூபாய் உழைக்கும்வரை மேலதிகமாக ஒரு சதமும் வராது. ஏழு பாட்டையும் ஒரே கணக்கில் போட்டால், ஓடாத ஆறு பாட்டின்ர செலவை ஓடின ஒரு பாட்டு கட்டும்.

நாலாவது, பாட்டை வாங்கி அலுமாரியில் வைக்கிறது. தனியுரிமை குடுத்திட்டால், அவர்கள் வெளியிடாவிட்டாலும் நாங்களும் வெளியிடேலாது.

இதெல்லாத்தையும் விடப் பெரிய கேள்வி ஒன்று: இது எங்கட பாட்டா? ராப்பின் வரிகள் எங்கட. அம்பா எங்கட இல்லை. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாடினவருக்கும் ஒலிப்பதிவு செய்தவருக்கும் தனித்தனி உரிமை இருக்கு. பதிவு செய்யேக்க "எங்கட பக்கத்தில போடுவம்" என்றுதான் பெரியாக்களிட்ட கேட்டம். விளம்பரத்துக்கோ சினிமாவுக்கோ குடுக்கிறது வேற அனுமதி. எங்களிட்ட இல்லாததை நாங்கள் குத்தகைக்கு விடேலாது.

அதுக்காக பெரிய லேபலே வேண்டாம் என்று சொல்லேல்ல. எங்கட கைக்கு எட்டாத ரேடியோவும் மேடையும் அவர்களுக்கு எட்டும். ஆனபடியால் பதில் இப்படி எழுதியிருக்கிறம்: அம்பா இல்லாத மூன்று பாட்டு மட்டும். மூன்று வருடம், அதுக்குப் பிறகு உரிமை தானாகத் திரும்பும். ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக் கணக்கு, அதைப் பார்க்க எங்களுக்கு உரிமை. ஆறு மாதத்துக்குள்ள வெளியிடாவிட்டால் ஒப்பந்தம் இல்லை. கம்பனி கைமாறினால் எங்களிட்ட திரும்பக் கேட்க வேணும். ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதி ஒன்றும் வேணும்.

மற்ற நாலு பாட்டையும் பற்றிப் பெரியாக்களிட்டத்தான் முதலில் கேட்கப்போறம். அவர்கள் வேண்டாம் என்றால், அது வேண்டாம்தான்.