சென்னையா, கோவையா?



போன ஞாயிற்றுக்கிழமை என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒரு பெண் போனில் கூப்பிட்டாள். அவள் மகளுக்குச் சென்னையில் ஒரு வேலை, கோவையில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது. சென்னையில் மாதம் 7,000 ரூபாய் கூடுதல். "எங்கே அனுப்பலாம் சார்? எது பாதுகாப்பு, எங்கே செலவு கம்மி?" என்றாள்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 1998-இல் இதே பெண்ணுக்குச் சென்னையில் வேலை கிடைத்தபோது, அவள் அப்பா என்னிடம்தான் யோசனை கேட்டார். "பொம்பளப் பிள்ளையை அவ்வளவு தூரம் எதுக்கு அனுப்புறீங்க?" என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் சென்னையில் நான்கு நாள் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. அவள் போகவில்லை.

இந்த முறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

முதலில் செலவு. மத்திய அரசு தன் ஊழியர்களுக்குத் தரும் வீட்டு வாடகைப்படி சென்னையில் அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம். கோவை, மதுரை, திருச்சி, சேலத்தில் 20 சதவீதம். அடிப்படை 40,000 என்றால் 12,000-க்கும் 8,000-க்கும் உள்ள வித்தியாசம். ஆக அந்த 7,000-இல் பாதிக்கு மேல் வாடகைக்கே போகும். கரூரிலிருந்து கோவை மூன்று மணி நேரம். சென்னை என்றால் ஒரு ராத்திரிப் பயணம். அந்தச் செலவும் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 முதல் இரண்டு ஊரிலும் டிக்கெட் கிடையாது.

வீடு எடுத்தால் இன்னொன்று. சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் கேட்பது பழைய வழக்கம். 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

அடுத்து பாதுகாப்பு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களைத் தனியாகப் பட்டியல் போடுகிறது. தமிழ்நாட்டில் சென்னையும் கோவையும் மட்டுமே அதில் வரும். மதுரையும் திருச்சியும் அதில் இல்லை என்பதால் அங்கே குற்றமே இல்லை என்று ஆகாது. மேலும் அது பதிவான வழக்குகளின் எண்ணிக்கை. பயந்துகொண்டு புகார் கொடுக்காத ஊரிலும் எண்ணிக்கை குறைவாகத்தான் இருக்கும். அதை வைத்து மட்டும் ஒரு பெண்ணின் வேலையை முடிவு செய்ய முடியாது.

அதனால் அவளிடம் இப்படிச் சொன்னேன்: "ஊரைப் பார்க்காதே அம்மா, தெருவைப் பார். இரவு ஒன்பது மணிக்கு பஸ் ஸ்டாப்பிலிருந்து ஹாஸ்டல் வரை நீயே நடந்து பார். விளக்கு எரிகிறதா, கடை திறந்திருக்கிறதா என்று பார். 112, 181 இரண்டும் பிள்ளையின் போனில் இருக்கட்டும். முடிவை அவளே எடுக்கட்டும்."

பிறகு, "அன்றைக்கு உன்னிடம் நான் கேட்கவே இல்லை, மன்னிச்சிடும்மா" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பரவாயில்லை சார்" என்றாள். பரவாயில்லை என்று எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு ஊரிலும் இருக்கும் என் மாணவிகளே, நீங்கள் குடியிருக்கும் பகுதியின் வாடகை, இரவு நேர பஸ் வசதி பற்றிக் கீழே எழுதுங்கள். அந்தப் பிள்ளை படிப்பாள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்