மாமியாரின் மாம்பலம் கணக்கு

ரங்கநாதன் தெரு நெரிசலில் புகுந்து புறப்பட்டு, மாம்பலம் ஸ்டேஷனில் பீச் வண்டி ஏறி இருபத்திரண்டு வருஷம் ஆபீஸ் போய் வந்தவர் என் மாமியார். ரயில் விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்து மீள முடியாது. 2024 நவம்பரில் ஜப்பான் போனபோது அந்த அனுபவம்தான் எங்களுக்குக் கை கொடுத்தது.

டோக்கியோவில் என் கொழுந்தனார் இருக்கிறார். அவர் வீட்டில் இரண்டு வாரம் தங்கி, நடுவில் கியோட்டோ போய்க் கோயில்களைப் பார்த்து வருவதாக ஏற்பாடு. "பேசாம ரயில் பாஸ் வாங்கிடுங்க. ஏழு நாள் எங்கே வேணும்னாலும் சுத்தலாம்" என்று தெரிந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். இவரும் பணம் கட்டத் தயாராகிவிட்டார்.

மாமியார்தான் பேப்பரும் பேனாவும் கேட்டார்.

"நம்ம ஊர் சீசன் டிக்கெட் என்ன? ஏறக்குறைய பதினஞ்சு தடவை போற காசைக் கட்டிட்டு மாசம் பூரா போய் வர்றது. தினம் போறவங்களுக்கு லாபம். மாசத்துல நாலு நாள் போறவ வாங்கினா ரயில்காரனுக்குத்தான் லாபம். நீங்க எத்தனை தடவை ஏறி இறங்கப் போறீங்க? முதல்ல அதை எழுதும்மா."

எழுதினேன். ஏழு நாள் சாதாரண வகுப்பு பாஸ் ஒருவருக்கு 50,000 யென். ஷிங்கான்சென் என்ற அதிவேக ரயிலில் டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ரிசர்வேஷனோடு சுமார் 14,000 யென். போக வர 28,000. பாஸ் வாங்கினால் ஆளுக்கு 22,000 யென் தண்டம்! பெரியவர்கள் மூன்று பேருக்கு 66,000. அன்றைய மதிப்பில் முப்பத்தைந்தாயிரம் ரூபாய்க்கு மேல். ஹிரோஷிமாவையும் சேர்த்துப் பார்த்தேன். அப்போதும் தனி டிக்கெட்டுகள் சுமார் 45,000 யென்தான் வந்தது.

பின்னே ஏன் எல்லோரும் பாஸ், பாஸ் என்கிறார்கள்? 2023 அக்டோபருக்கு முன் அதே பாஸ் 29,650 யென். கியோட்டோ போய் வந்தாலே ஏறக்குறைய சரியாகிவிடும். விலை ஏறிவிட்டது, யோசனை மட்டும் பழையபடியே சுற்றிக்கொண்டிருக்கிறது!

பாஸில் இன்னும் சில சங்கதிகள் உண்டு. 'நொசோமி' என்ற மிக வேகமான வண்டியில் ஏற, பாஸ் இருந்தாலும் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். டோக்கியோவின் சுரங்க ரயில்களில் பாஸ் செல்லாது. முக்கியமாக, ஏழு நாளும் தொடர்ச்சியாகக் கணக்காகும். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தால் அந்த நாள் போனது போனதுதான்.

தனி டிக்கெட்டே வாங்கினோம். ஐந்து வயது மகளுக்கு, தனி சீட் கேட்காததால், டிக்கெட்டே இல்லை. ஆறிலிருந்து பதினொரு வயது வரை பாதிக் கட்டணம்.

கியோட்டோவிலிருந்து திரும்ப வேண்டிய நாள். விடியற்காலையில் குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இவர் ஸ்டேஷனுக்கு ஓடி டிக்கெட்டை மறுநாளுக்கு மாற்றி வந்தார். வண்டி புறப்படுவதற்கு முன் போனால், ஒரு தடவை கட்டணமில்லாமல் மாற்றித் தருகிறார்கள். தெருமுனைக் கடையில் பாக்கெட்டில் அரிசிக் கஞ்சி கிடைத்தது. கையோடு கொண்டு போயிருந்த காய்ச்சல் மருந்தும் இருந்தது. அன்று முழுவதும் மகள் பாட்டி மடியில் தூங்கினாள். மறுநாள் காய்ச்சல் விட்டபின் நிதானமாகக் கிளம்பினோம்.

பாஸ் வாங்கியிருந்தால்? 'கட்டின காசு வீணாகிறதே' என்று குழந்தையை வாரிப் போட்டுக்கொண்டு ஓடியிருப்போமோ என்னவோ!

பாஸே கூடாது என்று சொல்லவில்லை. ஒரே வாரத்தில் வடகோடியிலிருந்து தென்கோடி வரை சுற்றுகிறவர்களுக்கு அது லாபம்தான். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், போகும் ஊர்களை வரிசையாக எழுதி, அன்றைய டிக்கெட் விலையைப் பக்கத்தில் போட்டுக் கூட்டுங்கள். பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். குழந்தையோ வயதானவர்களோ கூட வந்தால், ஓய்வு நாள் ஒன்றையும் மறக்காமல் கணக்கில் சேருங்கள்.

ஊர் திரும்பியதும் மிச்சப்பட்ட பணத்தைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன்.

மாமியார் சிரித்தார். "பணம் கிடக்கட்டும். அன்னிக்குக் குழந்தை நல்லாத் தூங்கினாளே, அதுதாம்மா லாபம்!"