வேலூர்க் கோட்டையும் பழைய லேப்டாப்பும்

லுவான்டி (2024 வரை மைன்டெஸ்ட்) என்கிற இலவசக் கட்டை விளையாட்டில் பையன் வேலூர்க் கோட்டையைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அகழி, மதில் எல்லாம் வெறும் கனசதுரங்கள்தான். பழைய லேப்டாப்பிலும் வழுக்கிக்கொண்டு ஓடியது.

நான்தான் கையை வைத்தேன். ஆம்பூரில் ஷூ டிசைன் வேலை. கம்ப்யூட்டரில் லாஸ்ட் (ஷூ தைக்கும் கால் அச்சு) வரைந்து பழகிய கை சும்மா இருக்குமா? கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண் யாளியைப் பல், பிடரி விடாமல் செய்து, ஓபிஜே என்கிற 3டி மாடல் கோப்பாக்கி வரிசையாக நிறுத்தினேன். திரை திக்கித் திக்கி நகர்ந்தது.

காரணம் பிறகுதான் பிடிபட்டது. சாதாரணக் கட்டைகள் ஒட்டி நின்றால், இடையில் மறையும் பக்கங்களை விளையாட்டு வரைவதே இல்லை. மதிலின் வயிற்றுக்குள் எத்தனை ஆயிரம் கட்டை இருந்தாலும் அதற்குக் கவலையில்லை. நாம் செய்துபோடும் மாடலுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது எத்தனை முக்கோணங்களால் ஆனதோ, அத்தனையையும் விளையாட்டு சுமந்தாக வேண்டும்.

ஓபிஜேயில் அசைவு வராது. அதற்கு பி3டி, ஜிஎல்டிஎஃப் போன்ற கோப்பு வகை வேண்டும். கல் யாளிக்கு எதற்கு அசைவு? ஓபிஜேயே போதும். பிளெண்டர் என்கிற 3டி மென்பொருளில் முக்கோணங்களைக் கழித்து, செதுக்கலைப் படமாக மேலே ஒட்டிவிட்டேன்.

யாளிக்குப் பல் போயிற்று. “இப்பதாம்பா நல்லா ஓடுது” என்கிறான் பையன்.