மஞ்சளுக்கு முன் மெழுகு

காணிப்பாக்கம் வரசித்தி விநாயகர் கோயிலுக்கு வெளியே பூஜைக்கு நிற்கும் புதிய கார்களில் வெள்ளைக்குப் பஞ்சமே இருக்காது. சீட்டின் பாலிதீன் உறை பிரிந்திருக்காது. ஷோரூமில் கட்டிய ரிப்பன் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். ஆந்திர எண், தமிழ்நாட்டு எண், கர்நாடக எண் என்று மூன்று மாநிலங்கள் ஒரே வரிசையில் நிற்கும். அர்ச்சகர் குழைத்த மஞ்சளிலும் குங்குமத்திலும் விரலைத் தோய்த்து பானெட்டின் நடுவில் ஸ்வஸ்திக்கோ ஓம் என்ற எழுத்தோ போடுவார். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம். முன்னால் தேங்காய், சூடம். வீட்டார் எல்லோரும் சூடத்தைப் பார்த்துக் கும்பிடுவார்கள். கார் வாங்கியவர் மட்டும் அர்ச்சகரின் விரலைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"சாமி, கண்ணாடியில வெச்சாப் போதுமே" என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்ப்பதும் உண்டு. பின்னாலிருந்து அம்மாவின் குரல் வரும்: "ஏன்டா, பொட்டு வைக்காத மூஞ்சி மாதிரியா வண்டியைக் கொண்டு போவே? நல்லா வைங்க சாமி." அதற்கு மேல் பேச்சு ஏது? அர்ச்சகர் நன்றாகவே வைப்பார்.

இது கஞ்சத்தனம் அல்ல, நாத்திகமும் அல்ல. பஸ்ஸிலும் பைக்கிலும் போய்வந்த ஒரு குடும்பத்துக்கு முதல் கார் அது. கடன் முடிய ஐந்து வருடமோ ஏழு வருடமோ ஆகும். அத்தனை வருடமும் வண்டி புதிதாகவே இருக்க வேண்டும் என்று கட்டுபவர் ஆசைப்படுகிறார். அத்தனை வருடமும் வண்டிக்கு ஒன்றும் ஆகாமல் இருக்க வேண்டும் என்று அம்மா வேண்டிக்கொள்கிறார். இருவரும் காப்பாற்ற நினைப்பது ஒரே வண்டியைத்தான்.

சித்தூரிலிருந்து சுமார் 12 கி.மீ., திருப்பதியிலிருந்து சுமார் 70 கி.மீ. தூரத்தில், பாஹுதா ஆற்றங்கரையில் இருக்கிறது காணிப்பாக்கம். முதலாம் குலோத்துங்க சோழன் காலத்துக் கோயில் என்று சொல்லப்படுகிறது. குருடு, செவிடு, ஊமையான மூன்று சகோதரர்கள் கிணறு தோண்டும்போது கடப்பாரை பட்டு ரத்தம் வந்தது, உள்ளே விநாயகர் இருந்தார், மூவரின் குறையும் தீர்ந்தது என்பது தலபுராணம். சுயம்புவான மூர்த்தி வளர்ந்துகொண்டே இருப்பதாகவும், அதனால் பழைய வெள்ளிக் கவசம் இப்போது பொருந்துவதில்லை என்றும் கோயிலில் சொல்வார்கள். இங்கே பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிவு வராது. குடியை விடுகிறேன் என்று சத்தியம் செய்ய வருபவர்கள் இன்றும் உண்டு. 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தோடு இருந்தது. 1960-ல் எல்லை திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழ்நாட்டுக்கு வந்தது, சித்தூர் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. வேலூர்க்காரருக்கும் குடியாத்தம்காரருக்கும் அது பெரிய விஷயமில்லை. புது வண்டி எடுத்தால் காணிப்பாக்கம்தான்.

அர்ச்சகரின் விரலைப் பார்த்துப் பயப்படுவதில் நியாயம் உண்டா? கொஞ்சம் உண்டு. மஞ்சளுக்கு நிறம் தருவது குர்குமின் என்ற பொருள். அது தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். அதனால்தான் வெறும் தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கறை அசைவதில்லை. காரின் நிறப் பூச்சுக்கு மேலே கண்ணாடி போன்ற ஒரு பூச்சு இருக்கிறது. கிளியர் கோட் என்பார்கள். அதன் தடிமன் சுமார் 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெலிசு. கெட்டியாகத் தெரிந்தாலும் அது ஒருவகைப் பிளாஸ்டிக். சமையலறையில் மஞ்சள் ஏறிய பிளாஸ்டிக் டப்பாவைத் தேய்த்தவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

அம்மாவுக்கு இந்த ரசாயனம் தெரியும், பெயர்தான் தெரியாது. மஞ்சள் பட்ட வெள்ளை வேட்டிக்குத் துணி சோப்பைப் போட்டால் கறை சட்டென்று சிவக்கும். காரம் பட்டால் மஞ்சள் சிவப்பாவது அதன் குணம். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரோடு சுண்ணாம்பைக் கலந்ததும் சிவப்பதும் இதனால்தான். மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துத்தான் அந்தக் காலத்தில் குங்குமமே செய்தார்கள். சிவந்த வேட்டியை அலசி மொட்டை மாடியில் காயப்போட்டால் ஓரிரு நாளில் கறை வெளுத்துவிடும். குர்குமினை வெயில் சிதைத்துவிடுகிறது. பானெட்டில் தங்கிய மஞ்சளுக்கும் இதுவே வழி: நன்றாகக் கழுவிவிட்டு வெயிலுக்கு விட்டுவிடுவது. கடையில் விற்கும் மலிவான குங்குமம் வேறு விஷயம். அதில் செயற்கைச் சாயம் இருந்தால் வெயிலுக்கும் சோப்புக்கும் அசையாது. வெள்ளையில் ரோஜா நிறத்தில் ஒரு நிழல் நின்றுவிடும். வீட்டிலிருந்தே நல்ல மஞ்சளும் குங்குமமும் கொண்டு போவது அம்மாவுக்கும் சம்மதமாகவே இருக்கும்.

உண்மையில் பெயின்டைக் கெடுப்பது பொட்டு அல்ல. பொட்டைத் துடைக்கும் கை. பூஜை முடிந்து டீக்கடையில் நிற்கும்போது பதற்றத்தில் டேஷ்போர்டிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து வறட்டுத் துடைப்பு துடைப்பவர்கள் ஏராளம். வரும் வழியில் லாரிகள் கிளப்பிய மண் முழுவதும் அந்த பானெட்டில் உட்கார்ந்திருக்கிறது. சித்தூர்ப் பக்கம் கருங்கல் குவாரிகளுக்கும் குறைவில்லை. அந்தத் துணி அந்த நிமிடமே உப்புத்தாளாகிவிடும். மயிரிழைக் கீறல்கள் வட்டவட்டமாக விழும். வெள்ளை நிறம் அவற்றை மறைத்துவிடும். கறுப்பு என்றால் மறுநாளே தெரிந்து ரத்தம் கொதித்திருக்கும். மாலை இன்னொரு எதிரி. நைலான் கயிற்றில் கட்டிய மாலையோடு எண்பது கிலோமீட்டர் வேகத்தில் திரும்பினால் அந்த முடிச்சு பானெட்டில் அடித்துக்கொண்டே வரும். ஊர் எல்லை தாண்டியதும் மாலையைக் கழற்றி உள்ளே வைப்பதில் தெய்வக் குற்றம் ஒன்றும் இல்லை.

மெழுகு இந்த இடத்தில்தான் வருகிறது. பலரும் பூஜை முடிந்த மறுநாள், கறையைப் பார்த்த பிறகு, மெழுகு டப்பா வாங்கப் போகிறார்கள். போக வேண்டியது முந்தின நாள். மெழுகின் வேலை கறையை எடுப்பதல்ல. பெயின்டுக்குப் பதிலாகத் தான் அழுக்காவது, தான் தேய்வது. மஞ்சளில் பெரும்பகுதி மெழுகில் உட்காரும், மெழுகோடு போகும்.

கார் மெழுகில் உயர்ந்தது கார்னோபா. பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து வருகிறது. வறண்ட வெயிலில் நீர் ஆவியாகாமல் இருக்க அந்த மரம் தன் ஓலைமேல் தானே பூசிக்கொள்ளும் மெழுகு அது. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டி உதிர்த்து எடுக்கிறார்கள். தேன்மெழுகு 62, 64 டிகிரியில் இளகிவிடும். கார்னோபா 80 டிகிரியைத் தாண்டும். சித்திரை மாதத்து ரேணிகுண்டா வெயிலைத் தாங்க அந்த வித்தியாசம் தேவைப்படுகிறது. அப்படியும் அது நிரந்தரமல்ல. நம் வெயிலுக்கும் மழைக்கும் சில வாரங்கள், மிஞ்சினால் இரண்டு மூன்று மாதம். பாரஃபின் கலந்த மலிவு மெழுகு இன்னும் சீக்கிரம் போய்விடும்.

புது வண்டிக்கு ஆறு மாதம் மெழுகு போடக்கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. பெயின்ட் மெதுவாகக் காய்ந்த காலத்துப் பேச்சு அது. இப்போது தொழிற்சாலையிலேயே சூளையில் சுட்டுத்தான் வெளியே வருகிறது. ஷோரூமிலிருந்து வந்த அன்றே போடலாம். அடிபட்டுப் பட்டறையில் மறுபூச்சு செய்த கதவென்றால் மட்டும் ஒரு மாதமாவது ஆறப்போட வேண்டும்.

செய்முறை பெரிய வித்தையல்ல. நிழலில், தொட்டால் சுடாத வண்டியில். முதலில் தண்ணீர் பீய்ச்சி மண்ணைப் போக்கிவிட வேண்டும். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் துணியை அலச நல்ல தண்ணீர். துணி சோப்பும் சோடாவும் ஆகாது. அவை போட்ட மெழுகையே கரைத்துவிடும், மஞ்சளையும் சிவக்க வைக்கும். ஈரத்தை ஒற்றி எடுத்தபின் ஒரு கதவு, அப்புறம் ஒரு கதவு என்று மெழுகை மெலிசாகத் தடவ வேண்டும். அப்பிப் பூசுவதில் லாபமில்லை. துடைக்கக் கை வலிக்கும், அவ்வளவுதான். மங்கலாகக் காய்ந்ததும் சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் துடைத்துவிடலாம். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் மட்டும் படக்கூடாது. பட்டால் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். அதை எடுப்பது பொட்டை எடுப்பதைவிடக் கஷ்டம்.

இத்தனையும் கேட்ட பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்கக்கூடும்: சாமிக்குச் செய்வதிலிருந்து வண்டியைக் காப்பாற்றுவதா, இது என்ன நியாயம்? அதற்குப் பதில் திருமலையில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆனியில், கேட்டை நட்சத்திரத்தை ஒட்டி, மூன்று நாள் ஜ்யேஷ்டாபிஷேகம் நடக்கிறது. அபிதேயக அபிஷேகம் என்றும் சொல்வார்கள். உற்சவ மூர்த்தியான மலையப்ப சுவாமிக்கும் தாயார்களுக்கும் முதல் நாள் வஜ்ர கவசம், இரண்டாம் நாள் முத்துக் கவசம், மூன்றாம் நாள் தங்கக் கவசம். அந்தத் தங்கக் கவசம் அடுத்த ஜ்யேஷ்டாபிஷேகம் வரை திருமேனியில் இருக்கும். காரணத்தை யாரும் மூடி மறைப்பதில்லை. ஆண்டு முழுவதும் திருமஞ்சனம் செய்தால் விக்கிரகம் தேயும், தேயாமல் காக்கத்தான் கவசம். திருமஞ்சனத்தை நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. ஸ்ரீரங்கத்தில் பள்ளிகொண்ட பெருமாள் சுதையால் ஆனவர். அவருக்கு நீரால் திருமஞ்சனம் கிடையாது, தைலக்காப்பு உண்டு. காப்பு என்ற சொல்லே போதும். கோயிலுக்குள் அது பல நூற்றாண்டுகளாகப் புழங்குகிறது. கார் கடைக்காரர் அதைத்தான் கோட்டிங் என்று விற்கிறார்.

கோட்டிங் விஷயம் தனியாகவே பேச வேண்டியது. வண்டி டெலிவரி எடுக்கும் அன்று, கையெழுத்துப் போட்டுப் போட்டு வாங்குபவர் களைத்திருக்கும் நேரமாகப் பார்த்து, "சார், மூணு வருஷத்துக்குக் கவலையே வேண்டாம்" என்று ஒருவர் வந்து நிற்பார். பல ஆயிரம் ரூபாய். சிலிக்கா கலந்த கோட்டிங் மெழுகைவிட நீண்ட நாள் உழைக்கும் என்பது உண்மைதான். ஆனால் பரப்பைத் துப்புரவாகத் தயார் செய்து, நிழலில் பொறுமையாகப் போட்டால்தான் அந்த உழைப்பு. டெலிவரி அவசரத்தில் மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துக் கொடுப்பது எத்தனை நாள் நிற்கும்? சொல்பவரைக் காணிப்பாக்கத்துக்கே அழைத்து வந்து சத்தியம் கேட்டுப் பார்க்கலாம். கோட்டிங் போட்டாலும் கழுவத்தான் வேண்டும், பறவை எச்சத்தை அன்றே எடுக்கத்தான் வேண்டும். கல் தெறித்தால் மெழுகும் தடுக்காது, கோட்டிங்கும் தடுக்காது.

இன்னொரு குழப்பம் சொல்லில் இருக்கிறது. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் பாலிஷ் என்றே பெயர். மெழுகு போடுவதும் பாலிஷ், பட்டறையில் மெஷின் வைத்து ரப்பிங் செய்வதும் பாலிஷ். மெழுகு மேலே ஒன்றைச் சேர்க்கிறது. ரப்பிங் இருப்பதில் கொஞ்சத்தைச் சீவி எடுக்கிறது. நாற்பது மைக்ரானில் எத்தனை முறை சீவ முடியும்? ஒவ்வொரு சர்வீசுக்கும் 'பாலிஷ்' போட்டுத் தரச் சொல்பவர்கள் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்வது நல்லது. வெள்ளைக் காருக்கென்று தனியாக விற்கும் மெழுகுகள் சிலவற்றிலும் அழுக்கெடுக்கச் சன்னமான அரைபொருள் கலந்திருக்கும். எப்போதாவது சரி, மாதாமாதம் கூடாது.

வெள்ளை பழுத்துப்போகும் என்ற பயமும் பொதுவாக இருக்கிறது. வெள்ளையைத் தருவது டைட்டானியம் டைஆக்சைடு. அதற்கு மூலமான இல்மனைட், கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலும் கொல்லம் அருகே சவராவிலும் கடற்கரையில் கறுப்பு மணலாகக் கிடக்கிறது. அந்தக் கறுப்பிலிருந்து எடுக்கும் வெள்ளை லேசில் பழுக்காது. பழுப்பது மேலே உள்ள பூச்சும், அதில் ஏறிய அழுக்கும், தாரும், பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள் துருப்பிடித்து விடும் ஆரஞ்சுப் புள்ளிகளும்தான். இவை எல்லாம் மெழுகின் மேல் உட்கார்ந்தால் கழுவும்போது போய்விடும். பெயின்டில் உட்கார்ந்தால் போகாது.

மறுபடி எப்போது போடுவது என்பதற்குக் காலண்டர் வேண்டாம். மழை விட்டதும் பானெட்டைப் பார்த்தால் போதும். தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு நின்றால் மெழுகு இருக்கிறது. தகடாகப் பரவிக் கிடந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை டப்பாவைத் திறக்க வேண்டும்.